அலைச்சறுக்கும் நெய்தற் பாடமும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்ற ஊர். நிலவியல் அறிஞர்களுக்கோ அவ்வூரின் பெயர் வேறொரு காரணத்தால் தெரியும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்குக் கடல் கிடந்த காலத்தில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்கு ஒன்றுக்குக் ‘கல்லங்குறிச்சி’ என்றே அவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். சிமெண்டு ஆலைகளுக்காகக் கல் வெட்டும் இடங்களில் சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதை எம்மூர்ப் பிள்ளைகள் அறிவர். ஆழம் குறைந்த கடலில் வாழ்ந்த சிப்பிகள் அவை. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்குரிய பெயர் என நிகண்டுகள் கூறும். பெயரால் குறிஞ்சி, மண்ணால் நெய்தல் என்று எம்மூரைப் பற்றி நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

அந்தக் கடல் இன்று நேர்கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் விலகிப் பூம்புகாரில் நிற்கிறது. பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் கடந்துவிடலாம். நெய்தல் திணையைக் கற்பிக்கும் வகுப்பறைக்கும் நெய்தல் நிலத்துக்கும் இடையே உள்ள தொலைவோ அவ்வளவு எளிதில் கடக்கக் கூடியதாக இல்லை. அதைக் கடப்பதற்கு அண்மைக் காலத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது. அதுவே அலைச்சறுக்கு. கடற்கரை விடுதிகளில் தங்கும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்கிவிடுவது பிழை. தமிழ் பயிலும் மாணவர்க்கு அது ஒரு கல்வி. அக்கல்வியைத் தரத் தகுதியுடைய ஆசிரியர் நம் மீனவர். இவ்விரண்டையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடமும் கடலும்

முதுகலைத் தமிழ் மாணவரிடம் நெய்தலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உரிப்பொருள் இரங்கல், பொழுது எற்பாடு என்று தடையின்றிச் சொல்வார். அகநானூற்றில் பத்து, இருபது, முப்பது என்ற எண்களில் வரும் பாட்டெல்லாம் நெய்தல் என்பார். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறும் அம்மூவனார் பாடியவை என்பார். போட்டித் தேர்வுக்கு இவை போதும். அதே மாணவரிடம், கொண்டல் எத்திசைக் காற்று, அது வீசும்போது கரையில் அலை எவ்வாறு மாறும் என்று கேட்டால் முதற்பாதிக்கு மட்டுமே விடை கிடைக்கும். கிழக்குக் காற்று என்பது உரையில் இருக்கிறது. அலை மாறுவது உரையில் இல்லை.

குறை மாணவருடையதன்று. உள்மாவட்டத்து மாணவர் பலருக்குக் கடல் என்பது சுற்றுலாவில் ஒருமுறை பார்த்த காட்சி. 2004 டிசம்பர் 26க்குப் பின் அதனோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. கல்லூரிகள் தரும் கடற்கல்வியோ ஒற்றை வரியில் முடிந்துவிடும்: கடலில் இறங்கக் கூடாது. இறங்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் இறங்குகிறார்கள். எங்கே இறங்கக் கூடாது, ஏன் கூடாது என்பதை யாரும் சொல்லாததால் சிலர் திரும்புவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சுற்றுலாப் பருவத்தில் நாளேட்டின் உள்பக்கத்தில் அச்செய்தி வருகிறது. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குளம், கிணறு, ஆறு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆயினும் நம் பிள்ளைகள் கடலில் இறப்பதற்கு அறியாமையே பெருங்காரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஒருமுறை மாணவர்களோடு கடற்கரை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அலை பெரிதாக உடையும் இடங்களை விட்டுவிட்டு, நடுவே அமைதியாகத் தோன்றிய இடத்தில் பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து அதட்டினார்: “ஏ தம்பி, அங்க நிக்காதீங்க. அலை ஒடையல பாரு, தண்ணி உள்ள போவுது. இப்படி வாங்க.” பிள்ளைகள் தயங்கித் தயங்கி நகர்ந்தார்கள். அலை அடிக்கும் இடம் பாதுகாப்பானது, அடிக்காத இடம் ஆபத்தானது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை.

முதியவர் சொன்னது கடலியலார் சொல்வதே. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் ஏதேனும் ஒரு வழியில் திரும்பிச் செல்ல வேண்டும். மணல்மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியே அது கடலை நோக்கி ஓடும். பள்ளமாதலின் அங்கே அலை உடையாது. பார்வைக்கு அமைதியாக இருக்கும். அவ்வோட்டத்தின் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரையும் எட்டும். எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துவோர் களைத்து மூழ்குவர். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்தக் குறுகிய ஓட்டத்தை விட்டு வெளியேறலாம்; பிறகு உடையும் அலைகளே கரைசேர்க்கும். உயிர் காக்கும் இவ்வறிவு நான்கு வரியில் அடங்கிவிடுகிறது. பதினேழு ஆண்டுகள் படித்து முதுகலைப் பட்டம் பெறும் மாணவருக்கு எந்தப் பாடநூலிலும் இந்த நான்கு வரி கிடைப்பதில்லை.

தொடக்க அலை

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம் இந்நான்கு வரியை உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும் இடங்களுள் ஒன்று. அவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசு முதலியோரின் துணையோடு 2012இல் அங்கு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். இன்று மாமல்லபுரம், புதுச்சேரி முதலிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் நடக்கின்றன. கற்பிப்போர் பலரும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள்.

தொடங்குவோர்க்கு ஏற்ற அலை எது என்பதை விளக்க வேண்டும். அடியில் பாறை இருந்தால் அலை எப்போதும் ஓரிடத்திலேயே உடையும், விழுந்தால் அடிபடும். மணலடிக் கரையில், சரிவு மெல்லியதாக இருந்தால், அலை உருண்டு மெதுவாக உடைந்து நுரையாகக் கரைவரை ஓடிவரும். அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வரும்போது அது உடைகிறது. ஆகவே இடுப்பளவு நீரில் நிற்கும் ஒருவர், உடைந்து வலுவிழந்த நுரையலையையே எதிர்கொள்கிறார். மேற்புறம் மெத்தென்றிருக்கும் நீண்ட பலகையைத் தருகிறார்கள். பலகை கைவிட்டுப் போகாதபடி கணுக்காலில் ஒரு கயிறு. முதலில் மணலிலேயே பலகையை வைத்துக் குப்புறப் படுக்கவும், கைகளால் துழாவவும், மார்பை உயர்த்தி ஒரே வீச்சில் எழுந்து நிற்கவும் பழக்குகிறார்கள். பிறகு நீரில்.

நாம் கண்ட ஒரு வகுப்பில், நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஒவ்வோர் அலைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை அழுத்தினார். ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தார். பயிற்சியாளருக்கு இருபது வயதிருக்கலாம். “சார், அதுகூட சண்ட போடாதீங்க. அது தள்ளுற வரைக்கும் சும்மா இருங்க. தள்ளினதும் எழுந்திருங்க. கீழ பாக்காதீங்க, கரையப் பாருங்க” என்றார். பிறகு முதுகைக் காட்டி நின்ற அம்மனிதரைத் தம் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்க்கச் செய்து, வருகின்ற அலைகளுள் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தார். நமக்கு அது யாப்பிலக்கண வகுப்பை நினைவூட்டியது. ஓசையைக் காது பிரித்தறிந்த பிறகே சீர் பிரிக்கக் கைவரும். அலையும் அவ்வாறே. அரைமணி நேரத்தில் அம்மாணவர் பார்வையால் கடலைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். நின்றாரா என்றால் இரண்டு நொடி நின்றார். அதுபோதும்.

புதிதா, பழையதா?

அலைச்சறுக்கைத் தமிழரே கண்டுபிடித்தனர் என்று கூறுவாரும் இனி வருவர். அத்தகைய பெருமிதத்தில் நமக்கு உடன்பாடில்லை. நின்றுகொண்டு அலைமேல் செல்லும் கலையை உயரத்துக்குக் கொண்டுசென்றவர்கள் ஹவாய் முதலிய பசிபிக் தீவுகளின் மக்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்ற ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கண்டு வியந்து எழுதினர். 19ஆம் நூற்றாண்டில் அக்கலை அங்கேயே நலிந்தது. ஒலிம்பிக் நீச்சலில் 1912, 1920 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹனமோகு அதனை உலகெங்கும் கொண்டுசென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாயிற்று.

நமக்குரியது வேறு. உடையும் அலையைக் கடந்து செல்வதும் அதன் முதுகிலேறிக் கரைக்குத் திரும்புவதும் கட்டுமரக்காரரின் அன்றாடத் தொழில். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவில் நிற்கும். அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். தைத்த பலகை அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியடித்தது உடையும். படகும் செல்ல முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர், பனையோலைக் குல்லாய்க்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுசேர்த்தனர். சென்னையின் அலை அக்காலப் பயணக் குறிப்புகளில் பேர்போன அச்சம். அந்த அச்சத்தைக் கடத்திவிட்டவர் பெயர் ஒன்றும் அக்குறிப்புகளில் நிலைக்கவில்லை.

சொல்வரலாறும் சுவையானது. ஆங்கிலத்தில் ‘சர்ஃப்’ என்னும் சொல்லுக்கு முந்தைய வடிவம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணப்படுகிறது. தொடக்கத்தில் அது இந்தியக் கடற்கரையைப் பற்றிய எழுத்துகளிலேயே வழங்கியது. அதன் வேர் இன்னதென்று அகராதியாளர் துணியவில்லை. நாமும் தமிழ் வேர் தேடிப் புறப்பட வேண்டியதில்லை. கட்டுமரம் ஆங்கிலத்துக்குச் சென்றது என்பது மட்டும் ஐயமற்றது.

‘அலைச்சறுக்கு’ என்னும் நம் புதுச்சொல்லைச் சிலர் குறைகூறுவர். ஆனைக்கும் அடிசறுக்கும் என்ற வழக்கால் சறுக்குதல் தோல்வியைக் குறிக்கிறதாம். ஹவாய் மொழியில் இக்கலைக்குப் பெயர் ‘ஹெஎ நலு’. ‘ஹெஎ’ என்றால் சறுக்குதல், ‘நலு’ என்றால் அலை. அக்கலையின் தாய்மொழியும் நம் மொழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. சறுக்கல் என்பதில் விழுதலும் அடங்கியிருப்பது சொல்லுக்கு நயமே. நூறுமுறை விழாமல் இதனைக் கற்றவர் எவருமிலர். ஆகவே சொல் நிற்கட்டும்.

நம் கவலை பிற சொற்களைப் பற்றியது. அலைச்சறுக்குப் பள்ளியில் கற்பிப்பவர் தமிழர். கற்பவரும் பெரும்பாலும் தமிழர். ஆனால் அலையின் பகுதிகளும் ஓட்டங்களும் காற்றும் ஆங்கிலப் பெயரில் வழங்குகின்றன. அதே பயிற்சியாளரின் தந்தை, கரையோரமாக வடக்கும் தெற்குமாக ஓடும் நீரோட்டங்களை வன்னி, தெண்டி என்று பெயர்சொல்லிப் பிரிப்பவர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசைபிரித்துச் சொல்பவர். வாடையும் கொண்டலும் நமக்கு இலக்கியச் சொற்கள், அவர்க்குத் தொழிற்சொற்கள். ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே அச்சொற்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ முதலிய நாவல்கள் கடற்புரத்து மொழியில் ஒரு பகுதியைக் காத்துத் தந்தன. நாவலாசிரியர் செய்ததைத் தமிழ்த்துறைகள் செய்யவில்லை. வேளாண் சொல்லும் கைத்தொழிற் சொல்லும் திரட்டிய அளவுக்குக்கூட நாம் கடற்சொல் திரட்டவில்லை. மீன்வாடையை முகஞ்சுளித்துப் பேசும் பழக்கத்துக்கும் இப்புறக்கணிப்புக்கும் தொடர்பில்லை என்று மனமறிந்து சொல்ல முடியுமா?

மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, இது செலவு மிக்கது, ஏழை மாணவர்க்கு ஆகாது என்பது. தனியே சென்று கட்டணம் செலுத்துவோர்க்கு அது உண்மை. நாற்பது பேர் சேர்ந்து பலகையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வகுப்புக்கு, கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் சுற்றுலாவைவிட மிகுதியாக ஆகிவிடாது என்பது நம் கருத்து.

இரண்டாவது, பெண்பிள்ளைகளை எவ்வாறு அனுப்புவது என்பது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே கடலாடு காதை என்று பெயர். மாதவியும் புகார் மக்களும் கடலாடச் சென்றதை வகுப்பில் விளக்கிவிட்டு இக்கேள்வியைக் கேட்பது முரண். மாமல்லபுரத்தைச் சேர்ந்த கமலி மூர்த்தி தேசிய அளவிலான போட்டிகளில் பட்டம் வென்றிருக்கிறார். உடலை மூடும் நீச்சலுடையும் பெண் பயிற்சியாளரும் இருந்தால் எம் மாணவியர் தயங்கமாட்டார்கள். தயங்குவோர் பெரும்பாலும் நாமே.

மூன்றாவது மறுப்பு வலுவானது. இவ்விளையாட்டு வளர்ந்தால் கரையில் விடுதிகள் பெருகும். வலை காயவைத்த இடம் நாற்காலி போடும் இடமாகும். மீனவர் தம் கரையிலேயே கூலிக்கு நிற்க நேரும் என்பது. இந்த அச்சத்தை நாம் மறுக்கவில்லை. 2023இல் மாமல்லபுரத்தில் பன்னாட்டுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய வாகையர் போட்டியும் அங்கேயே நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தனிநபர்ப் பதக்கம் அது. இனிப் பணம் வரும். பணம் வரும் இடத்தில் யார் கற்பிக்கிறார், பள்ளி யாருடையது, கரையில் படகு ஏற்ற இடமிருக்கிறதா என்ற மூன்று வினாக்களையும் விடாமல் கேட்க வேண்டும். மீனவர் இல்லாத அலைச்சறுக்கு நமக்கு வேண்டியதில்லை.

ஒன்றில் இருவர் நலனும் ஒன்றே. மணற்கரை இல்லாவிட்டால் கட்டுமரமும் ஏறாது, கற்போர்க்கான அலையும் உடையாது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வந்த மணல் தடைப்பட்டு வடக்கே உள்ள கரை அரித்துச் செல்லப்பட்டது. அதன்பின் கருங்கல் கொட்டுவதும் தூண்டில் வளைவு அமைப்பதுமாகக் கதை நீண்டது. ஓரிடத்தில் போடும் கல் அடுத்த ஊரின் மணலைத் தின்னும். அலையை நாள்தோறும் பார்க்கும் கண்கள் கரையில் மிகுதியாக இருந்தால், இத்தகைய மாற்றங்களைக் கேள்வி கேட்கும் வாய்களும் மிகுதியாகும்.

செய்யத்தக்கவை

கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள் நடைபெறுகிறது. அதில் இரண்டு நாளைக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு ஒதுக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தை விலக்கி, பயிற்சியாளரும் உயிர்காப்போரும் உள்ள மணலடிக் கரையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முதல் நாள் காலை கரையில் அமர்ந்து கடலைப் படித்தல்: எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, ஓட்டம் எத்திசையில். பிறகு மிதத்தலும் பலகையும். மாலையில் ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து காற்று, அலை, நீரோட்டம் பற்றிய சொற்களை அவர்கள் சொல்லும் பொருளோடு குறித்துக்கொள்ளுதல். அக்குறிப்பு முதுகலை மாணவரின் ஆய்வேடாகலாம். வந்து கற்பித்த மீனவர்க்கு, வருகைதரு பேராசிரியர்க்குத் தரும் மதிப்பூதியத்தையும் அதே மரியாதையையும் தர வேண்டும். பொன்னாடையை மட்டும் போர்த்தி அனுப்புவது போதாது.

எல்லா மாணவரும் பலகைமேல் எழுந்து நிற்கப் போவதில்லை, நிற்க வேண்டியதுமில்லை. நுரையலை ஒன்று முதுகில் மோதித் தள்ளும்போது கடலின் எடை இன்னதென்று அவர்கள் அறிந்தால் போதும். பிறகு வகுப்பில் நெய்தற் பாட்டு ஒன்றைப் பிரிக்கும்போது, கரையில் நிற்கும் தலைவியின் துயரம் எத்தகைய இரைச்சலுக்கு நடுவே சொல்லப்பட்டது என்பதை உரையாசிரியர் உதவியின்றியே உணர்வார்கள். அடுத்த சுற்றுலாவில், அலை உடையாத இடத்தில் இறங்கப் போகும் தோழனின் கையைப் பிடித்து நிறுத்தவும் செய்வார்கள்.

வரும் கல்வியாண்டில் எம் துறையில் இதனை ஒரு முன்மொழிவாக வைக்க எண்ணியுள்ளோம். கடற்கரை மாவட்டங்களில் பணியாற்றும் தமிழாசிரியர்கள் எம்மை முந்திக்கொண்டால் மகிழ்ச்சியே; கடல் அவர்களுக்கு அருகில் இருக்கிறது.